பத்து லட்சத்துல ஒரு பங்கு

லேப்ல வேல பாக்கறேன்னு சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சுட்டா ரெண்டு விதமா வாட்ஸ்அப் வரும். ஒண்ணு ப்ளட் டெஸ்ட் ரிப்போர்ட், இது சரியா இருக்கா பாரும்மான்னு. நாங்க தண்ணி, மீனு, மண்ணு இதுல பாதரசம் எவ்வளவு, ஆர்செனிக் எவ்வளவு, காட்மியம் எவ்வளவுன்னு பாக்கற லேப், ரத்தம் எங்க பக்கமே வராதுன்னு எத்தன தடவ சொன்னாலும் யாரும் கேக்கறதில்ல. இன்னொண்ணு கல்லு போட்டோ. கறுப்பா இருக்கு, கனமா இருக்கு, காந்தம் ஒட்டுது, இது விண்கல்லான்னு. இதுக்கு மட்டும் நான் உடனே பதில் போட்டுருவேன், ஏன்னா விண்கல் எனக்குப் பைத்தியம் பிடிச்ச சப்ஜெக்ட், அதுலயும் கல்லுக்குள்ள பத்து லட்சத்துல ஒரு பங்கு, நூறு கோடில ஒரு பங்குன்னு ஒளிஞ்சு கெடக்கற தனிமங்கள் இருக்கு பாருங்க, அதான் என் பொழப்பும் கூட.

போன வருஷம் கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து அங்கிள் ஒருத்தர், அம்மா வழியில தூரத்து உறவு, ஒரு கல்ல பழைய தமிழ் பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து மாமாக் கடை மேசையில என் தே தாரிக் பக்கத்துல வெச்சாரு.

“எங்கப்பா வெச்சிருந்ததும்மா. ராவாங் பக்கம் தோட்டத்துல வேல செஞ்சப்ப கெடச்சதாம். வானத்துல இருந்து விழுந்ததுன்னு சொல்வாரு. ஆன்லைன்ல பாத்தேன், கிராம் கணக்குல விக்கிறானுங்க.”

கையில எடுத்துப் பாத்ததுமே பாதி தெரிஞ்சு போச்சு. உடைஞ்ச பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு, அங்கங்க பொடிப்பொடியா குமிழ் ஓட்டை. விண்கல்லுல குமிழ் ஓட்டை ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா அவர் முகத்தப் பாத்துட்டு அப்படியே சொல்ல மனசு வரல, சரி நிக்கல் டெஸ்ட் போட்டுப் பாக்கலாம்னு வேற ஒரு நாள் வரச் சொல்லி, எங்க பிளாட்டுக்குக் கீழ கடை அஞ்சடி நடைபாதையில நின்னுக்கிட்டு (அம்மோனியா நாத்தம், வீட்டுக்குள்ள பண்ணா அம்மா துரத்திருவாங்க) ஒரு ஓரத்த அரத்தால உரசி, அம்மோனியா தொட்ட பஞ்சால தேச்சு, அது மேல டைமெத்தில் கிளையாக்ஸைம் கரைசல் ரெண்டு சொட்டு விட்டேன். நிக்கல் இருந்தா பஞ்சு ரோஸ் கலராகும். விண்கல் இரும்புல நிக்கல் குறைஞ்சது அஞ்சு சதவீதமாவது இருக்கும், அதனால நல்லா செவசெவன்னு வரும்.

“பஞ்சு வெள்ளையா இருக்கு அங்கிள்.”

“வெள்ளைன்னா நல்லதாம்மா?”

அப்புறம் லேப்ல பெரியவர்கிட்ட அனுமதி வாங்கி, ஒரு சின்னத் துண்ட பொடியாக்கி, லித்தியம் போரேட்டோட கலந்து கிராஃபைட் குரூசிபிள்ல ஆயிரம் டிகிரில உருக்கி, அதை ஆசிட்ல கரைச்சு, தனிமங்கள அளக்கற ஐசிபி-எம்எஸ் மெஷின்ல விட்டேன். பிளாட்டினம் குரூசிபிள் இருக்கு, ஆனா இந்த மாதிரி உலோகம் கலந்த சாமானை அதுல போட்டா குரூசிபிள் கெட்டுரும், அப்புறம் அதுக்கு யாரு காசு கட்டறது. ரிசல்ட்ல நிக்கல் சும்மா பேருக்குத்தான். ஆனா ஈயம், அதாங்க டின், எகிறிக்கிட்டு நிக்குது, கூடவே டாண்டலம், நியோபியம், டங்ஸ்டன். இந்த நாலு பேரும் ஒண்ணா வந்தா நம்ம ஊருல அதுக்கு ஒரே அர்த்தம்தான், ஈயம் உருக்குனப்ப மிஞ்சின கசடு. மலாயா ஈயக் கசடுல டாண்டலம் இருக்குன்னு தெரிஞ்சு அதை வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணி சம்பாதிச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு, அது தனிக்கதை. அங்கிள்கிட்ட, இது வானத்துல இருந்து வரல அங்கிள், பட்டர்வொர்த் பக்கம் ஏதோ உருக்காலையில இருந்து லாரில வந்திருக்கும்னு சொன்னேன். மனுஷன் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, அப்ப அந்த டாண்டலத்துக்கு ரேட் என்னம்மான்னு கேட்டாரு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கசடுலயும் சிலிக்கான், இரும்பு, கால்சியம், ஆக்சிஜன்தான் மெஜாரிட்டி. விண்கல்லுலயும் பூமிப் பாறையிலயும் கிட்டத்தட்ட அதே கூட்டம்தான், அளவு கொஞ்சம் முன்ன பின்ன. பெரிய தனிமங்கள மட்டும் பாத்தா கல்லு எங்க பொறந்துச்சுன்னு சொல்றது கஷ்டம். சின்ன அளவுல இருக்கறதுங்கதான் உண்மைய கக்குது. ஏன்னா பெரிய தனிமங்கள் சேந்துதான் எந்தக் கனிமம் உருவாகணும்னே முடிவு பண்ணுது, பாறை உருகுறதும் உறையறதும் அதுங்க கையில இருக்கு. பத்து லட்சத்துல அஞ்சு பங்கு இருக்கற லாந்தனம்ங்கற தனிமம் எதையும் முடிவு பண்ணாது, நடக்கறதுக்கெல்லாம் சும்மா கூடவே போகும். திரவத்தோட போகணுமா, படிகத்துக்குள்ள ஒட்டிக்கணுமா, அவ்வளவுதான் அதுக்கு இருக்கற சாய்ஸ். அந்த சாய்ஸ் அயனி எவ்வளவு பெருசு, எத்தன சார்ஜ் வெச்சிருக்குங்கறத பொறுத்தது, அதனால எத்தனை தடவ உருகுச்சு, எவ்வளவு உருகுச்சு, எது பிரிஞ்சு போச்சுன்னு எல்லாம் கணக்குப் போட்டுப் பின்னாடி நடந்து போகலாம்.

சின்ன வயசுல பிளாஸ்டிக் குழாய்ல சிரப் ஊத்தி உறைய வெச்ச ஐஸ்கிரிம் மலேசியா சாப்ட்டிருப்பீங்க. முனையக் கடிச்சு உறிஞ்சினா மொதல்ல வர்றது நல்ல இனிப்பு, நல்ல செவப்பு, அப்புறம் கையில மிஞ்சறது சப்புன்னு வெறும் வெள்ள ஐஸ். பாறையும் ஒரே டிகிரில மொத்தமா உருகாது. மொதல்ல கொஞ்சமா உருகற அந்தத் திரவத்துல படிகத்துக்குள்ள இடம் கெடைக்காத தனிமங்கள் எல்லாம் வந்து குவிஞ்சுரும், மிஞ்சற பாறை வெளுத்துப் போயிரும். திரும்ப உறையறப்பவும் அதே கூத்துதான் தலைகீழா.

இந்தக் கூத்து இல்லன்னா கோலாலம்பூரே இல்ல, நெசமாத்தான் சொல்றேன். தீபகற்பத்தோட முதுகெலும்பு மாதிரி ஓடுற அந்தக் கருங்கல் மலைத்தொடர் சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னாடி பாறைக்குழம்பா இருந்து மெல்ல மெல்ல உறைஞ்சது. உறைய உறைய, படிகங்களுக்குப் பிடிக்காத ஈயம் கடைசியா மிஞ்சின குழம்புலயும் சூடான தண்ணிலயும் சேந்து, விரிசல்ல போய் ஒட்டுச்சு. மழை அதை அரிச்சு ஆத்துல கொண்டாந்து போட்டுச்சு. 1857ல ராஜா அப்துல்லா அனுப்பின 87 சீனத் தொழிலாளிங்க கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேர்ற எடத்துல இறங்கி அம்பாங் போனது அந்த ஈயத்துக்குத்தான். ஒரு மாசத்துலயே மலேரியாவுல 69 பேர் போய்ட்டாங்க. அந்த ஆத்துச் சந்திப்புதான் இன்னிக்கி மஸ்ஜித் ஜாமெக், டவர்ஸ் எல்லாம் அப்புறம் வந்தது. டூலாங் தட்டுல ஆத்து மண்ண அலசற பாட்டிங்கள பழைய போட்டோவுல பாத்திருப்பீங்க, மண்ணு வெளிய போக போக தட்டு நடுவுல கறுப்பு மணல் நிக்கும். ஈயத்த எடுத்தப்புறம் மிஞ்சற கனமான மணலுக்கு அமாங்னு பேரு, அதுல மோனசைட், செனோடைம்னு அருமண் தனிமங்கள் (லாந்தனம் மாதிரி ரேர் எர்த்) நெறஞ்ச கனிமங்க கெடக்கு. அதுவும் அதே கடைசிக் குழம்போட சரக்குதான்.

அதே 1857, பிப்ரவரி மாசம், மதுரைச் சீமையில பார்ணல்லிங்கற ஊர்கிட்ட ஒரு விண்கல் விழுந்துச்சு. இங்க ஆளுங்க ஆத்துல ஏறிப் போன வருஷம், அங்க வானத்துல இருந்து கல்லு. ரெண்டுக்கும் சம்பந்தம் ஒண்ணும் இல்ல, ஆனா எனக்கு இத நெனச்சா ஒரு சந்தோஷம். பார்ணல்லி இன்னிக்கும் உலக ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல வர்ற பேரு, ஏன்னா அது உருகாத கல்லு. காண்ட்ரைட் வகை. உள்ள பாத்தா மில்லிமீட்டர் அளவுல உருண்டை உருண்டையா காண்ட்ரூல்கள், ஒவ்வொண்ணும் தனித்தனியா விண்வெளியில உருகி உறைஞ்ச சொட்டு. ஆனா அதெல்லாம் சேந்து கல்லா ஆனப்புறம் அந்த மொத்த உடம்பு உருகவே இல்ல, பெருசா வேகக்கூட இல்ல. அதனால கலவை கலையாம அப்படியே இருக்கு.

உருகாத கல்லுல எல்லாத்தையும் விட சுத்தமானது 1864ல பிரான்ஸ்ல விழுந்த ஆர்கெய் மாதிரியான ரகம். ஹைட்ரஜன், ஹீலியம் மாதிரி வாயுக்கள விட்டுட்டுப் பாத்தா அதோட கலவையும் சூரியனோட கலவையும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால மத்த எந்தக் கல்லுல எந்தத் தனிமத்த அளந்தாலும் ஆர்கெய் ரகத்துல இருக்கற அளவால வகுத்துதான் கிராஃப் போடுவாங்க. வகுத்து வர்ற விடை ஒண்ணுன்னா எதுவும் நடக்கல. பத்துன்னா ஏதோ சேந்திருக்கு. 0.001ன்னா யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க.

சரி, விண்கல்லுங்க வந்த குட்டிக் கோள்களுக்கு உருகற அளவு சூடு எங்க இருந்து வந்துச்சு? பூமி மாதிரி பெரிய உடம்பு இல்ல, சில பத்து கிலோமீட்டர் அகலம் இருந்தாலே உருகிருக்கு. காரணம் அலுமினியம்-26. கதிரியக்கம் உள்ள அலுமினியம், அரை ஆயுள் (பாதி சிதைய எடுக்கற காலம்) சுமார் 7 லட்சம் வருஷம். ஹரால்ட் யூரி 1955லயே இதுவா இருக்கலாம்னு சொன்னாரு, 1969ல மெக்சிகோல விழுந்த அயெண்டே கல்லுக்குள்ள அதோட தடயம் எழுபதுகள்ல கெடச்சுச்சு. சூரிய மண்டலம் தொடங்கின மொதல் பத்து லட்சம் வருஷத்துக்குள்ள உருவான உடம்புல அலுமினியம்-26 நெறைய, உள்ளுக்குள்ளயே அடுப்பு மூட்டின மாதிரி உருகிப் போச்சு. இருபது லட்சம் வருஷத்துக்கு மேல லேட்டா வந்ததுக்கு சரக்கு தீந்து போச்சு, அது காண்ட்ரைட்டாவே தங்கிருச்சு.

உருகறதுலயும் வரிசை உண்டு. ஆயிரம் டிகிரி தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே இரும்பும் கந்தகமும் சேந்த கலவை உருகிரும். அதுக்கு மேல கொஞ்சம் போனா பிளாஜியோகிளேஸ்ங்கற கால்சியம் உள்ள கனிமம் கலந்த பசால்ட் (எரிமலைப் பாறை) குழம்பு. 1868ல இன்னிக்குப் பாகிஸ்தான்ல இருக்கற லோத்ரான்ல விழுந்த கல்லு பாதி வழியில நின்னுபோன கேஸ், பசால்ட் குழம்பு உறிஞ்சப்பட்டு வெளுத்துப்போன மிச்சம். அந்தக் குழம்பு மேல ஏறி எரிமலைப் பாறையா உறைஞ்சா அதுதான் யூக்ரைட். யூக்ரைட்ல அருமண் தனிமங்கள வகுத்துப் பாத்தா லாந்தனத்துல இருந்து லுட்டீசியம் வரைக்கும் கிட்டத்தட்ட நேர்கோடு, சுமார் பத்து மடங்கு உயரத்துல. 1977ல எட்வர்ட் ஸ்டோல்பர்ங்கறவரு இதெல்லாம் அரைகுறையா உருகி வந்த குழம்புன்னு சொன்னாரு, அப்புறம் வந்தவங்க இல்ல, மொத்தக் கோளும் குழம்புக் கடலா இருந்து உறைஞ்சதுல மிஞ்சினதுன்னு வாதாடினாங்க. நேர்கோடு ரெண்டு கதைக்கும் ஒத்துப்போகுது, அதான் சிக்கல். எனக்கு ரெண்டாவது கட்சி பக்கம்தான் சாய்வு.

இந்த வரிசையில யூரோப்பியம் மட்டும் தனி ஆளு. மத்த அருமண் எல்லாம் மூணு சார்ஜ், இது ஆக்சிஜன் கம்மியா இருக்கற எடத்துல ரெண்டு சார்ஜோட கால்சியம் மாதிரி வேஷம் கட்டி பிளாஜியோகிளேஸ்குள்ள போய் உக்காந்துரும். அதனால கிராஃப்ல யூரோப்பியம் மட்டும் பள்ளமா இருந்தா பிளாஜியோகிளேஸ் எங்கயோ தங்கிருச்சுன்னு அர்த்தம், மேடா இருந்தா பிளாஜியோகிளேஸ் இங்க வந்து குவிஞ்சிருக்கு. ஒரே ஒரு புள்ளி மேலயா கீழயான்னு பாத்து, யாரும் போய்ப் பாக்காத கோள்ல படிகம் எந்தப் பக்கம் ஒதுங்குச்சுன்னு சொல்லலாம். எனக்கு இந்த சப்ஜெக்ட் மேல ஆசை வந்ததே இந்தப் புள்ளியாலதான்.

யாரும் போகலன்னு சொன்னேன், விண்கலம் போயிருக்கு. 1970லயே டெலஸ்கோப்புல பாத்து வெஸ்டாங்கற சிறுகோள்ல பட்டுத் திரும்பற வெளிச்சமும் யூக்ரைட்ல பட்டுத் திரும்பற வெளிச்சமும் ஒண்ணா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. சுமார் 525 கிலோமீட்டர் அகலம். 2011ல டான் விண்கலம் அதைச் சுத்திட்டு, தெக்குப் பக்கம் கிட்டத்தட்ட அந்தக் கோளோட அகலத்துக்கே ஒரு பெரிய மோதல் பள்ளம் இருக்கறதக் காட்டுச்சு. அங்க இருந்து தெறிச்சதுதான் நம்ம கையில இருக்கறதுன்னு இப்ப பெரும்பாலானவங்க ஏத்துக்கறாங்க. யூக்ரைட்ல நிக்கல், இரிடியம் எல்லாம் தொடச்சு எடுத்த மாதிரி இருக்கும், இரும்பு உள்ள இறங்கி நடுக்கருவானப்ப கூடவே அள்ளிட்டுப் போயிருச்சு. பூமியிலயும் அதே கதைதான், இரிடியம் மேலோட்டுல அநேகமா இல்லாததாலதான் 1980ல இத்தாலிக் களிமண் அடுக்குல கொஞ்சம் இரிடியம் கூடுதலா இருந்ததப் பாத்து, டைனோசர் காலம் முடிஞ்சப்ப பெருசா ஒண்ணு மோதிருக்குன்னு ஆல்வரஸ் டீம் சொல்ல முடிஞ்சுச்சு.

இப்ப அந்த நடுக்கருவுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இரும்பு விண்கல் எல்லாம் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். அறுத்து, பாலிஷ் போட்டு, நைட்ரிக் ஆசிட் கலந்த ஆல்கஹால் தடவினா பெரும்பாலானதுல பாய் பின்னின மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடு வரும், பல லட்சம் வருஷமா மெதுவா ஆறினாத்தான் அந்தப் பின்னல் வரும், எந்தப் பட்டறையிலயும் போலி பண்ண முடியாது. ஆனா ரெண்டு துண்டு ஒரே கோள்ல இருந்து வந்ததான்னு பின்னல் சொல்லாது. 1951ல காலியம் அளந்து பாத்தவங்களுக்குத்தான் இரும்புக் கல்லு எல்லாம் கொத்து கொத்தா பிரியுதுன்னு தெரிஞ்சது. அறுபதுகள்ல இருந்து ஜான் வாசன் கலிஃபோர்னியாவுல நியூட்ரான் அடிச்சு அளக்கற முறையில நூத்துக்கணக்கான கல்லுங்கள அளந்து வரிசைப்படுத்தினாரு. சாம்பிள அணு உலையில வெச்சு நியூட்ரான் பட வெச்சா ஒவ்வொரு தனிமமும் தன் பாணியில காமா கதிர் விடும், அத எண்ணினா போதும். மலேசியாவுல பாங்கிங்கற ஊர்ல 1982ல இருந்து ஓடுற நம்ம ஒரு மெகாவாட் ஆராய்ச்சி உலையிலயும் இதே வேல நடக்குது, அங்க பெரும்பாலும் மண்ணும் பாறையும்.

வாசன் கையில முக்கியமான ஆயுதம் ஜெர்மானியம். ஒன்-ஏபின்னு பேரு வெச்ச கூட்டத்துல 500 பிபிஎம் (பத்து லட்சத்துல 500 பங்கு) வரைக்கும் போகும், ஃபோர்-பிங்கற கூட்டத்துல 0.05 பக்கம். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். இரும்பு உறையறப்ப ஜெர்மானியம் திரவத்துக்கும் படிகத்துக்கும் கிட்டத்தட்ட சமமா பங்கு போயிரும், உறையறதால மட்டும் இவ்வளவு வித்தியாசம் வரவே வராது. அப்ப ரெண்டும் ஒரே கருவுல பொறந்த பிள்ளைங்க இல்ல. ஆனா ஒரே கூட்டத்துக்குள்ள இரிடியத்தப் பாத்தா கதை வேற. த்ரீ-ஏபி கூட்டத்துல நிக்கல் ஏழு சதவீதத்துல இருந்து பத்தரை வரைக்கும்தான் ஏறுது, அதே நேரத்துல இரிடியம் 20 பிபிஎம் பக்கத்துல இருந்து 0.01க்கு இறங்குது. இரிடியத்துக்குப் படிகம்னா உயிரு. மொதல்ல உறையற இரும்பு இரிடியத்த எல்லாம் வாரிக்கிட்டு, கடைசில உறையறதுக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கல. கிராஃப் போட்டா நியூயார்க் மியூசியத்துல நிக்கற 31 டன் கிரீன்லாந்துக் கல்லும், எங்கயோ பாலைவனத்துல பொறுக்கின கையளவு துண்டும் ஒரே கோட்டுல, அது மேல இது கீழன்னு உக்காந்திருக்கும். எந்தத் துண்டு கரு உறைய ஆரம்பிச்சப்ப வந்தது, எது கடைசில வந்ததுன்னு வரிசை சொல்லலாம்.

பூமியோட வயசே இந்த உருகிப் பிரியற வேலையாலதான் கெடச்சது. இரும்புக் கல்லுக்குள்ள ட்ராய்லைட்னு இரும்பு சல்ஃபைடு முடிச்சு இருக்கும், அதுல காரீயம் (டின் இல்ல, லெட்) உண்டு, யுரேனியம் அநேகமா இல்ல, அது சிலிக்கேட் பக்கம் ஓடிருச்சு. யுரேனியம் இல்லன்னா புதுக் காரீயம் பொறக்காது, ஆதில இருந்த காரீயம் அப்படியே பூட்டிக் கெடக்கும். அரிசோனா கன்யான் டயாப்லோ கல்லுல அதை அளந்துதான் கிளேர் பேட்டர்சன் 1956ல 455 கோடி வருஷம்னு சொன்னாரு. அளக்கறதுக்குள்ள அவர் பட்ட பாடு இருக்கே, காத்துல, தண்ணில, தலைமுடில, எங்க தொட்டாலும் காரீயம், கடைசில சுத்தமான காத்த மட்டும் உள்ள விடற லேப்ப அவரே கட்டினாரு, அப்புறம் இந்தக் காரீயமெல்லாம் எங்க இருந்து வருதுன்னு பாக்கப் போய் பெட்ரோல்ல காரீயம் கலந்த கம்பெனிங்களோட வருஷக் கணக்கா மல்லுக்கட்டினாரு. வெறும் ஆசிட்ட மெஷின்ல விட்டு பூஜ்யம் வருதான்னு பாக்கறப்ப பூஜ்யம் வராம நாள் பூரா குழாய் கழுவற என்ன மாதிரி ஆளுங்களுக்கு அவரு குலசாமி.

வயசு விஷயத்துல இன்னொரு பெரிய திருப்பம் 2000க்கு அப்புறம் வந்துச்சு. ஹாஃப்னியம்-182 சுமார் 90 லட்சம் வருஷ அரை ஆயுள்ல டங்ஸ்டன்-182 ஆகும். ஹாஃப்னியம் பாறையோட இருக்கும், டங்ஸ்டன் இரும்போட போகும். இரும்பு எவ்வளவு சீக்கிரம் பிரிஞ்சுச்சோ அவ்வளவுக்குக் கம்மியா டங்ஸ்டன்-182 அதுல இருக்கும். அளந்து பாத்தா இரும்புக் கருவெல்லாம் சூரிய மண்டலம் தொடங்கி சில லட்சம் வருஷத்துல இருந்து மூணு மில்லியன் வருஷத்துக்குள்ள பிரிஞ்சிருக்கு. காண்ட்ரைட் உருவானதே பெரும்பாலும் அதுக்கு அப்புறம். உருகாத கல்லு மூத்தது, உருகினது எளசுன்னு எல்லாரும் நெனச்சுட்டிருந்ததுக்கு இது நேர் எதிர்.

இப்ப சண்டை மாலிப்டினத்துல நடக்குது. உருகினா தனிமங்களோட அளவுதான் மாறும், மாலிப்டினத்தோட ஐசோடோப் (ஒரே தனிமத்தோட வேற வேற எடை அணுக்கள்) விகிதத்துல பழைய நட்சத்திரங்கள் விட்டுட்டுப் போன சின்ன வித்தியாசம் உருகினாலும் அழியாது. அதை வெச்சுப் பிரிச்சா இரும்புக் கல்லு ரெண்டே குடும்பமாகுது, த்ரீ-ஏபி ஒரு பக்கம், ஃபோர்-பி இன்னொரு பக்கம். வியாழன் சீக்கிரமே வளந்து நடுவுல நின்னு உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் கலக்க விடாம பண்ணிருச்சுன்னு 2017ல ஒரு ஜெர்மன் டீம் சொன்னாங்க. வியாழன்தான் காரணமாங்கறதுல எல்லாருக்கும் ஒத்துப்போகல, ரெண்டு குடும்பம் இருக்குங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. நமீபியாவுல கெடக்கற 60 டன் ஹோபா, உலகத்துலயே பெரிய ஒத்தைக் கல்லு, ஃபோர்-பிதான், அப்படின்னா வெளிப்பக்கத்து ஆளு. ஆனா வெளிப்பக்கம்னா குளிரு, ஆவியாகற சரக்கு நெறைய இருக்கணும், இதுல சுலபமா ஆவியாகற ஜெர்மானியம் துடைச்ச மாதிரி இருக்கே, ஏன்? ஆரம்பத்துலயே ரொம்ப சூட்டுல உறைஞ்ச சரக்குல இருந்து வந்துச்சா, இல்ல உருகினப்புறம் எதுவோ மோதி மேலோடு கிழிஞ்சு ஆவியா போச்சான்னு இன்னும் கட்டுரை மேல கட்டுரை வந்துக்கிட்டுத்தான் இருக்கு. எனக்கு மோதல் கட்சியில நம்பிக்க கம்மி. அந்தக் கல்லுல சூட்டத் தாங்கற இரிடியம், ரீனியம் மாதிரியெல்லாம் சாதாரணத்த விட அதிகமா இருக்கு, வெறும் ஆவி போனதால மட்டும் அது அவ்வளவு கூடுமான்னு கேட்டா என் கணக்குல இடிக்குது.